பனிமூட்டம் என்று சொன்னோம்

நாற்பது வயதைத் தாண்டி, நாலு புத்தகம் படித்தவன் என்று ஊரில் பெயரும் வாங்கிய பிறகு, ரம்பத்தின் பிளேடைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுவதும் மரம் அறுத்தவன் நான். அந்த மழைக்காலத்தின் மொத்த விளைச்சல் இப்போது என் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. அது வரையாடு. பாறை மேல் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கும் நீலகிரி வரையாடு. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை நாய் என்கிறார்கள். சற்று மரியாதை தெரிந்தவர்கள் கன்றுக்குட்டி என்கிறார்கள். பாலிசி விற்க வந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், இது எந்த மாநிலத்து மேப்புங்க?" என்று கேட்டார். இவ்வளவு நேர்மையான மனிதர் என்னை ஏமாற்ற மாட்டார் என்று அவரிடம் ஒரு பாலிசி எடுத்துக்கொண்டேன்.

அந்த ரம்பத்துக்கு ஸ்க்ரோல் சா என்று பெயர். தையல் மிஷினைப் பார்த்தவர்களுக்கு விளக்குவது சுலபம். ஊசிக்குப் பதில் நூல் போன்ற பிளேடு. துணிக்குப் பதில் பலகை. பிளேடு நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஆடும், பலகையை நாம்தான் நகர்த்த வேண்டும். பலகை மேல் படத்தை ஒட்டி, வேண்டாத இடங்களில் துளை போட்டு, துளைக்குள் பிளேடை நுழைத்து ஒவ்வொரு துண்டாக அறுத்து எடுத்தால், மிச்சம் நிற்பது படம். பிளேடின் பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். நான் மேல்நோக்கி மாட்டியிருந்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் பலகை எழுந்து குதித்தது. மேல்பக்கம் முழுக்க நாரும் சிராயுமாகப் பிய்ந்தது. குன்னூர் ஈரக்காற்றில் வளர்கிற மரத்துக்கு ஒழுக்கம் போதாது என்று நான் முடிவுகட்டி, அதைப் பற்றி ஒரு வாரப் பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரையும் எழுதினேன். அதைப் பிரசுரித்தவர்களுக்கும் பிளேடைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை.

எங்கள் கூட்டத்தை உண்டாக்கியவர் ஸ்டோர் கீப்பர். குன்னூருக்கு மேலே ஒரு எஸ்டேட்டின் டீ ஃபேக்டரியில் ஸ்டோர் அவர் பொறுப்பு. முன்பெல்லாம் தேயிலை பிளைவுட் பெட்டிகளில்தான் ஏலத்துக்கு இறங்கும். பிறகு காகிதச் சாக்கு வந்தது, பெட்டிகள் கோடவுனில் கூரை முட்ட நின்றுபோயின. அவற்றை அடுப்பில் போட்டு எரிக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது, எரிக்க மனம் வராமல், கேட்டு வாங்கி வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த ஷெட்டில் அடுக்கி வைத்த பிறகுதான் அவற்றை வைத்து என்ன செய்வது என்று யோசித்தாராம். கோயமுத்தூர் போய் ஸ்க்ரோல் சா மிஷின் ஒன்று வாங்கினார். இன்னொன்றைப் பழைய தையல் மிஷின் மோட்டாரை வைத்து அவரே கட்டினார். இரண்டாவது மிஷினுக்கு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் எங்களைக் கூப்பிட ஆரம்பித்தார் என்பது என் ஊகம். அதனால்தான் இன்றைக்கும் எங்கள் யானையையோ அணைக்கட்டையோ திருப்பிப் பார்த்தால் முதுகில் ஒரு எஸ்டேட்டின் முத்திரையும் தேயிலையின் ரகமும் தெரியும். என் ஆடு டஸ்ட் ரகம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு கூடுவோம். பெண்கள் பள்ளியில் கணக்கு எடுக்கும் டீச்சர் ஒருவர். படங்களை வரைந்து தருவது அவர்தான். காகிதத்தை நடுவில் மடித்து ஒரு பாதி வரைந்து, மறு பாதியைப் பிரதி எடுத்து விரிப்பதில் அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர். கூடலூருக்குப் பக்கத்தில் ஸ்ரீமதுரைக்காரர். எதைச் சொன்னாலும் "சாரமில்ல" என்பார். பரவாயில்லை என்பதற்கு அவர் பக்கத்துப் பேச்சு அது. பிறகு நான். தேயிலை ஏலத் தரகர் ஆபீஸில் எனக்கு வேலை. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு தேயிலைக்கும் எதிரே அதன் குணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். கருகிப்போன தேயிலையை அங்கே கருகியது என்று எழுதக்கூடாது. 'சூடான தன்மை, தனிப்பட்ட மணம், சில சந்தைகளுக்கு ஏற்றது' என்று எழுத வேண்டும். குறையைக் குணமாக மாற்றி எழுதுவதற்குத்தான் மாதச் சம்பளம் வாங்கினேன். இதை இங்கே சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு.

ஷெட்டுக்கு ஒரே ஒரு சட்டம். யார் எதைச் செய்து கொண்டுவந்தாலும் குறை சொல்லக் கூடாது. ஆளுக்கு ஒரு நல்ல வார்த்தை கட்டாயம் சொல்ல வேண்டும். சட்டம் போட்டவர் ஸ்டோர் கீப்பர்தான். அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஸ்டோர்ல ஒரு போல்ட் இருந்துதுன்னா எவனும் வந்து இருக்குதுன்னு சொல்ல மாட்டானுங்க. இல்லைன்னா மட்டும் பத்துப் பேரு வந்து நிப்பானுங்க. என்ற சர்வீஸ் பூரா இல்லாததையே கேட்டுட்டனுங்க சார். ஞாயித்துக்கிழமையாச்சும் இருக்கறதைச் சொல்லுங்க."

என் ஆட்டை மேஜை மேல் வைத்த அன்று இந்தச் சட்டத்தின் முழு வலிமையையும் பார்த்தேன். டீச்சர் வெகுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "நாலு காலும் இருக்கு" என்றார். போஸ்ட்மாஸ்டர், "பலகை நல்ல பலகை" என்றார். ஸ்டோர் கீப்பர் அதைக் கையில் எடுத்தார். பிய்ந்து நின்ற சிராய்களைக் கட்டைவிரலால் தடவினார். "ரோமம் தத்ரூபமா வந்திருக்குதுங்க சார்" என்றார். கிண்டலின் நிழல்கூட அவர் முகத்தில் இல்லை. எனக்குப் பெருமையில் காது சூடானது. முதல் பலகையை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, ஷெட்டிலேயே மாட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவர் மிஷினில் உட்கார்ந்தால் இடது கைப் பக்கம் வரும் சுவரில் அவரே ஆணி அடித்து மாட்டினார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து என் மிஷினில் பலகை குதிப்பது நின்றுவிட்டது. கை பழகிவிட்டது என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் டீ குடிக்க வெளியே போனபோது அவர் பிளேடைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல உட்கார்ந்திருந்தார் என்பதை, அதற்கு அடுத்த மழைக்காலத்தில்தான் டீச்சர் சொன்னார். அதுவும் அங்கே வழக்கம். குறையைச் சொல்ல மாட்டார்கள். ஆள் எழுந்து போனதும் சத்தமில்லாமல் சரி செய்துவிடுவார்கள்.

அப்படித்தான் சில வருஷங்கள் ஓடின. நல்ல வருஷங்கள். எஸ்டேட்காரர்கள், வாத்தியார்கள், பேங்க் ஆட்கள் என்று அவ்வப்போது ஆட்கள் வந்து தங்கள் முதல் பலகையைச் சுவரில் விட்டுவிட்டு மாற்றலாகிப் போனார்கள். நாங்கள் நால்வரும் நின்றோம். என் மனைவி இறந்த வருஷம் நான் ஞாயிற்றுக்கிழமைகளை எப்படிக் கடந்தேன் என்றால் அந்த ஷெட்டில் உட்கார்ந்துதான். ஒருவரும் ஆறுதல் சொல்லவில்லை. போஸ்ட்மாஸ்டர்கூட அந்த வருஷம் முழுக்க என்னிடம் சாரமில்ல என்று சொல்லவில்லை. ஸ்டோர் கீப்பர் மட்டும் வாராவாரம் என் பலகையை எடுத்துப் பார்த்து, "கோடு நேரா வந்திருக்குதுங்க" என்பார். கோடு நேராக வந்திராது. ஆனாலும் அடுத்த வாரம் போகத் தோன்றும்.

அவருடைய கோடு வேறு ஜாதி. பென்சில் கோட்டின் பாதி பலகையிலும் பாதி தூளிலும் போகும் என்று டீச்சர் சொல்வார். சுற்றிலும் பல் உள்ள முறுக்குப் பிளேடுதான் அவர் போடுவது. அதில் பலகையைத் திருப்ப வேண்டியதில்லை. எந்தப் பக்கம் தள்ளினாலும் அறுக்கும். "படத்தைத் தலைகீழாப் புடிச்சா மலையா மடுவான்னு தெரியாதுங்க" என்று எப்போதும் நேராக வைத்தே அறுப்பார். அப்படி அறுத்தவரின் பலகையில் இடது ஓரத்தில் இரண்டு மூன்று துண்டுகள் எடுபடாமல் நிற்பதை முதலில் கவனித்தவர் போஸ்ட்மாஸ்டர். களைப்பாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். வழக்கப்படி, ஸ்டோர் கீப்பர் வீட்டுக்குள் போனபோது மிஷினில் உட்கார்ந்து அந்தத் துண்டுகளை அறுத்து எடுத்துவிட்டு, தனக்குள் "சாரமில்ல" என்று சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டார். அடுத்த முறையும் அப்படியே. அதற்கு அடுத்த முறையும். யாருக்கும் தெரியாமல் ஒரு நண்பனுக்கு உதவுவதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தானே செய்கிறது. அந்த உதவியே ஸ்டோர் கீப்பருக்கு வினையாகும் என்று யாருக்குத் தெரியும்.

ஆள் எழுந்து போகிற நேரத்தில் சரி செய்ய முடியாத அளவுக்கு அது பெரிதானபோதுதான் நான் களத்தில் இறங்கினேன். அவலாஞ்சி அணையை அவர் செய்து கொண்டுவந்தார். வலது பக்கம் மலை, சோலை, தண்ணீரின் ஒவ்வொரு அலையும் பூவேலை மாதிரி. இடது பக்கத்தில் கால்வாசி வெறும் பலகை. ஒட்டிய படத்தைத் தண்ணீர் தொட்டு உரித்துவிட்டதால் அங்கே ஒன்றுமே இல்லை. எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றோம். நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். எனக்குத் தொழில் கைகொடுத்தது. "பனிமூட்டம்" என்றேன். "அணை மேல பனி இறங்கறதை இதுவரைக்கும் யாரும் மரத்துல கொண்டுவந்ததில்லை. அறுக்காம விட்டே காட்டியிருக்கீங்க பாருங்க." சொன்னதும் எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆமாம், பனிதான். நீலகிரியில் பாதி மலை காணாமல் போவது அன்றாடம் பார்ப்பதுதானே. டீச்சர்கூடத் தலையாட்டினார்.

ஸ்டோர் கீப்பர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்த மிஸ்ட்டுங்க சார்?" என்றார்.

நாங்கள் சிரித்தோம். எவ்வளவு அடக்கம் என்று நினைத்தோம். அவரும் ஒரு நொடி கழித்து எங்களோடு சேர்ந்து சிரித்தார். பாராட்டுகிறார்கள், வாங்கிக்கொள்வோம் என்கிற சிரிப்பு. அந்தக் கேள்வியை அவர் உண்மையாகவே கேட்டார் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதன்பிறகு பனி அவர் பலகைகளில் நிரந்தரமானது. எஸ்டேட் மேனேஜர் ஒன்றைக் கேட்டு வாங்கி ஆபீஸில் மாட்டி, வருகிற விருந்தாளிகளிடம் நான் சொன்ன விளக்கத்தையே சொன்னார். சில்வர் ஓக் மரங்கள், தேயிலைச் சரிவு, ரயில் பாலம், எல்லாவற்றின் மேலும் இடமிருந்து பனி இறங்கியது. ஒவ்வொரு பலகையிலும் அது இன்னும் கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்தது. நான் ஒவ்வொரு முறையும் அதை வர்ணித்தேன். ஒரு முறை மெல்லிய பனி என்றேன், ஒரு முறை ஆழ்ந்த பனி என்றேன். தேயிலைக்குக்கூட இவ்வளவு சொற்கள் நான் செலவு செய்ததில்லை.

கடைசியாக வந்தது காட்டெருமை. எங்கள் ஊரில் தேயிலைக்குள் காட்டெருமை நிற்பது சாதாரணம். டீச்சர் காகிதத்தை மடித்து, இரண்டு காட்டெருமைகள் தலையோடு தலை மோதி நிற்பதுபோல வரைந்து கொடுத்திருந்தார். ஸ்டோர் கீப்பர் கொண்டுவந்த பலகையில் வலது பக்கத்துக் காட்டெருமை மட்டும் இருந்தது. திமில், கொம்பு, குளம்பு, மூக்கிலிருந்து வரும் ஆவிகூட. அது தலையைத் தாழ்த்தி, தன் முழு பலத்தோடும் ஒரு வெற்றுப் பலகையை முட்டிக்கொண்டு நின்றது. இதைப் பனி என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. அதனால் தத்துவத்துக்குத் தாவினேன். எதிரி கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் நிஜமான போராட்டம், மனிதன் தன் வாழ்நாளில் முட்டுவதெல்லாம் இப்படி உருவமில்லாத ஒன்றைத்தான் என்று நான் பேசியது இன்றைக்கும் காதில் கேட்கிறது. படித்தவற்றிலிருந்து மேற்கோள்கூடக் காட்டினேன். ஸ்டோர் கீப்பர், பட்டப்பகலில் குடித்துவிட்டு வந்த நண்பனைப் பார்ப்பதுபோல, என்னைப் பரிவோடு பார்த்தார். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. மடித்து வரைந்த படம் பாதியாக நிற்பது அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. சட்டம் இருக்கிறதே. "வலது பக்கம் ரொம்ப சுத்தமா இருக்கு சார்" என்றார். எங்களில் உண்மைக்கு மிகப் பக்கத்தில் போனவர் அவர்தான். ஸ்டோர் கீப்பர் நன்றி சொன்னார்.

சில வாரங்கள் கழிந்து ஒரு ஞாயிறு. வெளியே மழை. அவர் மிஷினில் உட்கார்ந்திருந்தார். போஸ்ட்மாஸ்டர் அவருக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் டீ டம்ளரைப் பிடித்துக் குளிர் காய்ந்துகொண்டு நின்றார். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டோர் கீப்பர் தலை நிமிராமல், "போஸ்ட்மாஸ்டரே, கையை எடுங்க, பிளேடு பட்டுரும்" என்றார். போஸ்ட்மாஸ்டர் தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் டம்ளரில் இருந்தன. "எடுங்கன்னா, கேக்க மாட்டீங்களே" என்றார் ஸ்டோர் கீப்பர், சிரித்துக்கொண்டே. அப்போதுதான் பலகையைப் பார்த்தோம். இடது பக்கத்து வெறும் பலகையில் சிவப்பாகப் பரவிக்கொண்டிருந்தது. பிளேடுக்கு அடியில் இருந்தது அவருடைய சொந்த இடது கை. சுட்டுவிரல் பிளந்து, பிளேடு இன்னும் அதன்மேல் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதை வேறு யாருடைய கையோ என்று நினைத்து, அந்த ஆளுக்கு அடிபடக் கூடாது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

யாரும் கத்தவில்லை. ஒரு கணம் ஷெட்டில் நிலவிய மௌனம் எனக்குப் பழக்கமான மௌனம். என்ன நல்ல வார்த்தை சொல்வது என்று நாங்கள் தேடுகிற மௌனம் அது. டீச்சர்தான் ஸ்விட்சை அணைத்தார்.

கோயமுத்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள். தலையின் வலது பக்கத்தில் கட்டி. கண்ணில் கோளாறு இல்லை என்று டாக்டர் விளக்கினார். இடது பக்கம் இருட்டாகத் தெரிந்தால் நோயாளி தானே வந்து சொல்லிவிடுவார். இவருக்கு அப்படித் தெரியவில்லை. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை விட்டுவிட்டது. பாதிப் படம் அவருக்கு முழுப் படம். எவ்வளவு நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார். எங்களுக்கு நன்றாகத் தெரியும். பனி இறங்கிய பலகைகள் ஷெட்டுச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தன. முன்பே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். "முன்னாடி வர்றது எப்பவும் நல்லதுதான்" என்றார் அவர். கருகிய தேயிலைக்கு எழுதுகிற வரி மாதிரி இருந்தது. அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

வராந்தாவில் அவர் வீட்டம்மா எங்கள் மூன்று பேரையும் பார்த்துப் பேசியதை நான் மறக்க முடியாது. குரல்கூட உயரவில்லை. "நான் ஊட்ல சொல்லிட்டேதானுங்ணா இருந்தேன். தட்டுல இடது பக்கம் வெச்ச பொரியலைத் தொடறதே இல்ல. என்ற சமையல் புடிக்கலையாக்கும்னு நெனச்சேன். செருப்பு ஒண்ணைப் போட்டுட்டு ஒண்ணை உட்டுட்டுப் போவாரு. கேட்டா, 'அங்க மூணு பேரு என்ற வேலையை உத்து உத்துப் பாக்கறாங்க, ஒருத்தரு ஒரு கொறை சொல்லல, உனக்குத்தான் எதுலயும் குத்தம்'பாரு. நானும் சரி, படிச்சவங்க பாக்கறாங்க, நமக்கு என்ன தெரியும்னு வாயை மூடிக்கிட்டேன்."

போஸ்ட்மாஸ்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவர் வாயில் பழக்கத்தில் வருகிற ஒரே சொல் எது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆபரேஷன் முடிந்து, தலையில் குல்லாவோடு, இடது காலை இழுத்துக்கொண்டு வீடு திரும்பினார். முழுதாக எடுக்க முடியவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும். பழகிய வேலையைச் செய்யட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் போய் நிற்கவே கூசினோம். அவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். காட்டெருமைப் பலகையை மடியில் வைத்திருந்தார். டீச்சர் அவருடைய வலது கையைப் பிடித்து, பலகையின் இடது பாதிமேல் வைத்து நகர்த்தினார். அவர் விரல் வழுவழுப்பான மரத்தில் போய்க்கொண்டே இருந்தது. "கண்ணு முடிஞ்சுதுங்குது. வெரலு முடியலீங்குது" என்றார். "யாரைங்க நம்பறது?" பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். நாங்கள் அவருக்கு இடது பக்கம் நின்றிருந்ததால் அவர் வலது பக்கமாகத் தேடி, அங்கே யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னார். "இனிமே இருக்கறதைச் சொல்ல வேண்டாமுங்க. இல்லாததைச் சொல்லுங்க. இதை முடிச்சுப்புடணும்."

பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் இடது வலதாகிவிடுமே என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். கணக்குப்படி அது சரி. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கடைசியா ஒண்ணு செய்யறேன், காட்டெருமை காலைத் தூக்கிட்டுக் கெடக்கறதையா செய்யறது" என்றார். ஆகவே டீச்சர் வெறும் பாதியில் படத்தை மறுபடி வரைந்து கொடுக்க, நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் அவருக்கு இடது பக்கம் முக்காலியில் உட்கார வேண்டும். அவர் கை நிற்கும்போதெல்லாம் "இன்னும் இருக்கு" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. அவர் ஒரு வளைவை முடித்துவிட்டு, முகமெல்லாம் வியர்த்து, "ஆச்சுங்களா?" என்று கேட்பார். ஆகியிருக்காது. ஒரு கொம்பு முழுசாகப் பாக்கி இருக்கும். "இன்னும் இருக்கு." தலையைத் திருப்புவார், தேடுவார், கிடைக்காது. "இன்னும் இடது பக்கம். இன்னும்." ஒரு நாள் அவர் கை நடுங்குவதைப் பார்த்து, பின்னங்கால் குளம்பை விட்டுவிட்டு, "பரவாயில்லைங்க, நல்லா வந்திருக்கு" என்றேன். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் வீட்டம்மா தலை நிமிராமல், "என்னங்ணா பரவால்ல? கொளம்பு இல்லாம அது எப்புடி நிக்கும்?" என்றார். ஸ்டோர் கீப்பர் சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு அவர் சிரித்துப் பார்த்தேன். "அவரை மாத்துங்க. நம்ம ஊட்டம்மாவையே ஒக்காத்துங்க. என்ற கல்யாணத்துல இருந்து அவளுக்கு அதுதான் வேலை" என்றார். அன்று முதல் சில மாலைகளில் அந்த அம்மாவே முக்காலியில் உட்கார்ந்தார். அவர் 'இன்னும் இருக்கு' என்று சொல்வதில் எங்கள் யாருக்கும் வராத ஒரு துப்புரவு இருந்தது.

கொம்பு வந்தது, திமில் வந்தது, கால்கள் வந்தன. கோடு பழைய கோடு இல்லை. அலைந்தது, தடுமாறியது, சில இடங்களில் பென்சில் கோட்டை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தது. அதை யாரும் பாராட்டவில்லை. இரண்டாவது காட்டெருமை மெல்ல மெல்ல எழுந்து நின்று முதலாவதை முட்டியது. கண் ஒன்றுதான் பாக்கி. அதற்குத் துளைகூடப் போட்டாகிவிட்டது. அந்த வாரம் அவருக்கு நினைவு தப்பி மறுபடி கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். திரும்ப அவரைக் கொண்டுவந்தது வேறு வண்டியில்.

காரியம் முடிந்தபின் நாங்கள் ஷெட்டுக்குள் போனோம். போஸ்ட்மாஸ்டர் பழக்கத்தில் மிஷினில் உட்கார்ந்து, காட்டெருமைப் பலகையை எடுத்து, கண்ணின் துளைக்குள் பிளேடை நுழைத்தார். ஆள் எழுந்து போனதும் சரி செய்வதுதானே அங்கே வழக்கம். ஸ்விட்ச் மேல் விரல் போனது. பிறகு பிளேடைக் கழற்றிப் பலகையை எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போய் மழையில் நின்றார். கண் இல்லாமலேதான் அது இருக்கிறது, டீச்சர் வீட்டில். மிஷின்களும் இப்போது அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். ஆளுக்கு ஒரு நல்ல வார்த்தை என்ற சட்டத்தை யாரும் எடுத்துவிடவில்லை. அதைச் சொன்ன பிறகு இல்லாததையும் சொல்ல வேண்டும் என்று மட்டும் சேர்த்திருக்கிறோம். புதிதாக வருகிறவர்களுக்கு அது கொஞ்சம் கொடூரமாகப் படுகிறது. சென்ற மாதம் ஒரு பேங்க் அதிகாரி தன் முதல் பலகையை வைத்தார். அருமை என்று சொல்லிவிட்டு, நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் குனிந்து அவருடைய பலகையின் இடது ஓரத்தைப் பார்த்தோம். பிறகு அவரையும் பார்த்தோம். அவர் அடுத்த வாரம் வரவில்லை.

ஆட்டுக்கு வருகிறேன். ஷெட்டைக் காலி செய்தபோது அவர் வீட்டம்மா சுவரிலிருந்த முதல் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உரியவர்களுக்குக் கொடுக்க எடுத்து வைத்தார். என் வரையாட்டைப் பழைய செய்தித்தாளில் சுற்றி என்னிடம் நீட்டினார். சுற்றியும் ரோமம் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. எழுதுகிறவனுக்கு இந்த மாதிரி நேரத்தில் சும்மா இருக்கத் தெரியாது. "எத்தனை பேர் எத்தனை செஞ்சாலும் இதைத்தான் அவர் பக்கத்துல மாட்டினார்ங்க" என்றேன். "கடைசி வரைக்கும் இது அவர் கண்ணு முன்னாடியே இருந்துச்சு. அது ஒண்ணுதாங்க எனக்கு ஆறுதல்."

அந்த அம்மா சுவரில் ஆணி இருந்த இடத்தைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார்.

"எங்கீங்ணா. இது அவருக்கு இடது கைப் பக்கமாத்தானே இருந்துச்சு" என்றார். "கடைசிக் காலத்துல அந்த ஒரு நிம்மதியாச்சும் அவருக்கு இருந்துதுங்."